அறிவியல் கண்காட்சியில் டைட்டன் பலகைக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் அண்மையில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு, இரண்டாம் படிவத்தில் பயிலும் என் அக்காள் மகனும் அவன் நண்பர்கள் இருவரும் இரண்டு மாதம் உழைத்து, வேற்றுலகம் ஒன்றின் தரையைப் போலச் செய்த பலகையைக் கொண்டுபோனார்கள். "இது விளையாட்டுச் சாமான்" என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிறு பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடும் மேசை விளையாட்டுக்காகச் செய்த பலகைதான் அது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் பிள்ளைகள் எவ்வளவு தேடிப் படித்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

தண்ணீர்மலைத் தைப்பூசத்திற்குக் காவடி செய்து கொடுப்பது என் தொழில். பாலிஸ்டிரீன் செதுக்கிப் பழகிய கை என்பதால் என்னிடம் வந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த உலகம், சனிக் கோளின் மிகப் பெரிய நிலவான டைட்டன். 2005ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, நாம் பொங்கல் கொண்டாடிய அதே நாளில், ஹைகன்ஸ் விண்கலம் அங்கே இறங்கிப் படம் அனுப்பியது. கூர்கூராக உடைத்த துண்டுகளைப் பாறைகளென்று ஒட்டி முடித்திருந்த பிள்ளைகள், அந்தப் படத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தார்கள். படத்திலிருந்தவை ஆற்றுக் கூழாங்கற்களைப் போல மழுங்கியிருந்தன. அவை உறைந்த நீர் என்கிறார்கள் அறிவியலாளர்கள். சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 180 டிகிரி குளிரில் பனிக்கட்டி கல்லாக இறுகிவிட, மழையாகப் பெய்து ஆறாக ஓடும் மீத்தேன் அதை உருட்டித் தேய்த்துவிடுகிறது. எங்கள் பட்டறையில் அந்த வேலையை மணல்தாள் செய்தது. மூன்று மாலைகள் ஆயின.

ஆறடிக்கு நாலடிப் பலகையை இரண்டடிச் சதுரங்கள் ஆறாகப் பிரித்துச் செய்தோம். மணல் ஒட்டத் தடவிய வெள்ளைப் பசை காயும்போது ஒட்டுப்பலகையை ஒரு பக்கமாக இழுத்து வளைத்தது. அடிப்பக்கமும் பசை தடவியபின் நிமிர்ந்தது. ஸ்பிரே சாயத்தில் உள்ள கரைப்பான் பாலிஸ்டிரீனைத் தின்றுவிடும் என்று எச்சரித்தும், மருமகன் ஒரு மூலையில் அடித்துப் பார்க்க, கண்முன்னே குழி விழுந்தது. அதை மீத்தேன் ஏரியாக விட்டுவிடலாமே என்றேன். "ஏரிகளெல்லாம் துருவப் பக்கம்தான் மாமா, கலம் இறங்கிய இடம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில்" என்று மறுத்து, அவனே குழியை அடைத்தான். பனிக்கட்டிக்கும் வெள்ளைச் சாயம் பூச விடவில்லை. டைட்டனின் மூட்டத்தை ஊடுருவி வரும் ஒளியில் எல்லாம் செம்மஞ்சளாகத்தான் தெரியுமாம். கரும்பழுப்பு பூசிக் காயவைத்து, தூரிகையிலிருந்த காவிச் சாயத்தைத் துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு மேலாக வருடினார்கள். மேடுகள் மட்டும் நிறம் பிடித்தன. காவடிப் பூக்களுக்கு நான் பொன்னிறம் ஏற்றுவதும் இப்படித்தான்.

கண்காட்சி நடத்தும் ஆசிரியர்கள், ஒரு படைப்பை ஒதுக்குமுன் செய்த பிள்ளையிடம் நான்கு கேள்விகளாவது கேட்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று அந்தப் பிள்ளைகளை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியிலும் இத்தகைய கைவேலைக்கு இடம் தந்தால் மகிழ்வேன். பலகை என் பட்டறையில்தான் இருக்கிறது. தங்கள் அலுவலகம் வழியாகத் தொடர்புகொண்டு எந்த ஆசிரியர் வந்தாலும், பிள்ளைகளே விளக்கிச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
காவடிக் கைவினைஞர் ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு