பாலுவின் கோட்டு

அன்புள்ள ரங்கா,

பொங்கலுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். இருந்துகொள். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

பாலுவின் காரியத்துக்கு உன்னால் வர முடியவில்லை. அன்றைக்கு நடந்ததை நீ கேட்க வேண்டும். பையன் டல்லாஸிலிருந்து வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். ஃபிளாட் வாட்ஸப் குழுவில் வரிசையாக 'ஓம் சாந்தி' விழுந்துகொண்டிருந்தது, மாடியிலிருந்து ஒருத்தரும் இறங்கி வரவில்லை. அப்போதுதான் முன்பின் பார்த்திராத நாலு பேர் வந்தார்கள். ஐஸ் பெட்டி, டாக்டர் சர்டிபிகேட், மின்மயானத்தில் நேரம் வாங்குவது, வந்தவர்களுக்குக் காபி எல்லாம் அவர்கள்தான். யார் சார் என்று கேட்டால், "பாலு எங்க பிரதர்" என்கிறார் ஒருவர்!

மாதத்தில் ஒருநாள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு "ரிசப்ஷன்" என்று கிளம்புவானே, நாமும் என்னென்னமோ கதை கட்டினோமே, அது எழும்பூர் எத்திராஜ் சாலையில் இருக்கும் ஃப்ரீமேசன் என்கிற பழைய சகோதரத்துவச் சங்கத்தின் மண்டபத்துக்கு. கல்லுளிமங்கன், மூச்சு விடவில்லை பார்.

அப்புறம் நானே போய் விசாரித்தேன். அவர்களாக வந்து கூப்பிட மாட்டார்களாம், நாமாகத்தான் கேட்க வேண்டும். மெட்ராஸில் இது 1752-லேயே வந்துவிட்டது. இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சபை 1961-ல். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பினால் போதும், எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. கீதை, பைபிள், குர்ஆன் என்று பல மத நூல்களையும் வைத்திருக்கிறார்கள். உள்ளே மதமும் அரசியலும் பேசக் கூடாது. நம்ம பாலுவுக்கு எப்படித்தான் வாய் பொறுத்ததோ!

தங்கை மகன் ஏதோ யூடியூபைப் பார்த்துவிட்டு "மாமா இலுமினாட்டியில் சேரப் போறார்" என்று வீடெல்லாம் தம்பட்டம் அடிக்கிறான். விவேகானந்தரே நரேந்திரநாத் தத்தராக இருந்தபோது 1884-ல் கல்கத்தாவில் சேர்ந்தவர்டா என்றேன். "அப்போ அவருமா?" என்கிறான். கமலா கேட்டதுதான் உறைத்தது: "பொம்பளைங்களைச் சேர்க்காத இடத்துல என்ன சகோதரத்துவம்? ரோட்டரியில 1989-லேருந்து சேர்க்கிறாங்க இல்ல, அங்க போங்களேன்." பதில் சொல்ல வரவில்லை.

ஆனால் ரங்கா, எனக்கு வேறு ஒன்று அரிக்கிறது. ஜாதிச் சங்கத்துக்கு நான் சந்தா ரசீதில் ஒரு பெயர். குடியிருப்போர் சங்கத்துக்குத் தண்ணீர் லாரி கணக்கு. இத்தனை சங்கத்தில் இருந்தும், நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் கமலா யாருக்குப் போன் பண்ணுவாள்? நீ திருச்சியில் இருக்கிறாய், பாலு போயாச்சு. பாலுவின் பெண்டாட்டிக்கு இப்போதும் அந்த நாலு பேரில் ஒருவர் வந்து பென்ஷன் பேப்பரைப் பார்த்துக் கொடுக்கிறார். நாலு பேர் தூக்க வருவார்கள் என்பதற்காக ஒரு இடத்தில் சேர்வது அசிங்கமா, இல்லை, எல்லாச் சங்கமும் அதற்குத்தான் உண்டானதா? நீயே சொல். கிண்டல் பண்ணாமல் சொல்.

விண்ணப்பம் மேஜையில் கிடக்கிறது. உன் மைத்துனர் கோயம்புத்தூரில் இதில் இருந்தார் இல்லையா? வருஷச் சந்தா என்ன ஆகும், பிடிக்காவிட்டால் மரியாதையாக விலக முடியுமா, இரண்டையும் கேட்டு எழுது. கமலாவோடு பேசும்போது மட்டும் இந்தப் பேச்சை எடுத்துவிடாதே.

உன்,
சேகர்