எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அறுவடை முடிந்தும், கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்பாய்ச்சியான உங்களுக்குக் கூலியாகச் சேர வேண்டிய நெல்லைக் களத்தில் அளந்து போடாத வீடுகள் இந்த ஆண்டு கூடிவிட்டன என்று அறிந்தேன். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள், கண்மாய்த் தண்ணீரே வேண்டாதபோது நீர்பாய்ச்சிக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்களாம். அதற்கு ஊரறியப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வைகைப் பாசனப் பகுதியில் பல இடங்களில் மேலே இருக்கும் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழே இருக்கும் கண்மாய்க்கு வரத்து உண்டு. மேலூர்க்காரர்கள் உபரி நீர் வழியும் கலுங்கின்மேல் ஒரு வரிசைக் கல்லைக் கூட்டி வைத்தால், முகம்கூட அறியாத கீழூர்க்காரரின் நாற்று காய்ந்துபோகும். ஊருக்குள் தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்கும் கடைசியில் பாயும் கடைமடைக்கும் இடையே உள்ள உறவும் இதுதான். அங்கே நடுவில் நிற்பவர் நீங்கள்.

கண்மாய் பாதியே பெருகிய ஆண்டுகளில் உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரவில் டார்ச் விளக்கோடு வந்து, வயலுக்குள் இறங்கிக் காலை ஊன்றிச் சேற்றின் இளக்கத்தைப் பார்ப்பீர்கள். ஈரம் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று தெரிந்தால், வயல்காரர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், மண்வெட்டியால் ஒரு வெட்டு மண்ணை அள்ளி வயலுக்குள் தண்ணீர் புகும் வாய்மடையை அடைத்துவிட்டுக் கடைமடையை நோக்கி நடப்பீர்கள். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத குடும்பங்களிடமே பல ஊர்களில் வயல்காரர்கள் இந்தப் பொறுப்பை விட்டார்கள். சொந்த வயல் உள்ளவர் தன் வயலுக்கே முதலில் வெட்டிவிடுவார் என்ற அச்சம்தான் காரணம். தங்கள் சோற்றையே நம்பி ஒப்படைத்த அந்த மனிதரை, சாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்களும் அந்த வயல்காரர்களே. இந்த அநீதியை மறைத்துவிட்டு, ஊர் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தது என்று பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆழ்துளைக் கிணற்றுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கண்மாயில் தண்ணீர் நிற்கும் வரைதான் சுற்றுக் கிணறுகளில் ஊற்று இருக்கிறது. அது வறண்ட கோடையில் இவர்களுடைய மோட்டாரும் காற்றைத்தான் இழுக்கிறது. வரத்துக்கால் அடைபடாமல் பார்ப்பதும், அடைமழையில் கரையில் கசிவு கண்டால் ஊரை எழுப்புவதும் நீங்கள்தான் என்னும்போது, கண்மாய்த் தண்ணீரை நேராகப் பாய்ச்சாதவரும் உங்கள் உழைப்பில்தான் விளைவிக்கிறார்.

2017-இல் அரசு தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் கரைகளையும் மடைகளையும் சீராக்கவே வந்தது. தண்ணீரைப் பங்கிடுபவரின் கூலி இன்னும் ஊரின் கடமைதான். ஆகவே அடுத்த ஊர்க்கூட்டத்தில், கிணற்றுப் பாசனம் செய்வோர் உட்பட எல்லாரும் ஏக்கர் கணக்கில் உங்கள் பங்கைத் தர வேண்டும் என்றும், நின்றுபோன பாக்கியை இந்தப் போகத்திலேயே தீர்க்க வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். நீங்களும் வந்து, எங்களோடு சரிசமமாக உட்கார்ந்து, உங்களுக்கு வர வேண்டிய கணக்கை உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கடைமடை வயல்காரன் ஒருவன்