உலகம் அனாதியா? மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் யாழினிக்கு,

நலமா அம்மா? இடைக்கால யூத, கிறிஸ்தவத் தத்துவம் பற்றிய உன் ஆய்வேட்டின் வரைவைப் படித்தேன். யூதர் ஓர் இயல், கிறிஸ்தவர் ஓர் இயல் என்று பிரித்திருக்கிறாய். அந்த வேலியை முதலில் எடுத்துவிடு. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்: உலகத்துக்குத் தொடக்கம் உண்டா, அல்லது அது அனாதியா? அது போகிற வழியெல்லாம் நீயும் போ.

அலெக்சாந்திரியாவில் தொடங்கு. அங்கே யோவான் பிலோப்போனஸ் என்ற கிறிஸ்தவர் உலகம் அனாதி என்ற கிரேக்கத் தத்துவவாதி புரோக்ளஸை மறுத்து 529இல் எழுதினார். உலகம் அனாதி என்றால் இன்றைக்கு முன்பே எல்லையில்லாத காலம் கழிந்திருக்க வேண்டும். எல்லையில்லாததைக் கடந்து முடிக்க முடியாது. இன்றைய நாளோ வந்துவிட்டது. ஆகவே தொடக்கம் உண்டு. இந்த வாதம் அரபு மொழிக்குப் போய் கலாம் எனப்படும் இஸ்லாமிய வாத இறையியல் அறிஞர்களிடம் வேரூன்றியது. 933இல் யூத அறிஞர் சாதியா காவோன் உலகின் தொடக்கத்துக்கு நான்கு சான்றுகள் தந்தார். காலத்தைப் பற்றிய சான்று இதேதான். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பிரான்சிஸ்கன் துறவி பொனவெந்தூரும் இதையே முன்வைத்தார். ஒருவர் யூதர், ஒருவர் கிறிஸ்தவர். நிற்கும் இடம் ஒன்றுதான்.

எதிர்ப்பக்கத்தில், தொடக்கத்தை நிரூபிக்க முடியாது என்ற யூதத் தத்துவவாதி மைமோனிடஸ். 1190ஐ ஒட்டி எகிப்தில் முடித்த ‘திகைப்போருக்கு வழிகாட்டி’யை எபிரேய எழுத்தில், அரபு மொழியில் எழுதினார். முதல் பாகம் 71ஆம் அதிகாரத்தைத் தவறவிடாதே. கலாம் வாதமுறை கிரேக்க, சிரியக் கிறிஸ்தவர்களிடம் பிறந்தது என்று அவரே சொல்கிறார், பிலோப்போனஸின் பெயரையும் குறிப்பிடுகிறார். பொதுவேரைப் பற்றிய பேச்சு நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.

பிறகு இரண்டாம் பாகம் 13 முதல் 25 வரை நிதானமாக வாசி. 15ஆம் அதிகாரத்தில், உலகம் அனாதி என்ற அரிஸ்டாட்டிலுக்கே, தன்னிடம் முடிவான நிரூபணம் இல்லை என்பது தெரியும் என்று காட்டி, இதை விவாதத்துக்குரிய கேள்வியாகச் சொல்லும் அவருடைய ‘டாபிக்ஸ்’ நூலைச் சான்றாக வைக்கிறார். 17இல் ஓர் அழகான எடுத்துக்காட்டு வரும்: பெண்களே இல்லாத தீவில் வளர்ந்த ஒருவனிடம் மனிதன் கருவில் வளரும் கதையைச் சொன்னால், மூச்சுவிடாமல், உண்ணாமல் எப்படி உயிரோடிருப்பான் என்று மறுப்பான். உருவாகி முடிந்த பொருளின் இயல்பை வைத்து அது உருவான விதத்தை அளக்க முடியாது. அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது 13ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் அக்வினாஸின் ‘சும்மா தியோலொகியே’ (இறையியல் தொகுப்பு), முதல் பாகம், 46ஆம் வினாவைத் திற. முதல் பிரிவிலேயே அதே ‘டாபிக்ஸ்’ சான்று நிற்கும். தொடக்கம் உண்டென்றோ இல்லையென்றோ பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்பதில் இருவரும் ஒன்று. பிரிவது அதற்குப் பிறகு. கோள்களின் ஒழுங்கற்ற இயக்கம் இயற்கைக் கட்டாயத்தை அல்ல, ஒரு விருப்பத்தின் தேர்வையே காட்டுகிறது என்று மைமோனிடஸ் படைப்பின் பக்கம் தராசைச் சாய்க்கிறார். தொடக்கத்தை விசுவாசத்தால் மட்டுமே ஏற்கிறோம் என்கிறார் அக்வினாஸ்.

இங்கே சறுக்குபவர்கள் அதிகம். ஒற்றுமை கண்டவுடன் ‘அக்வினாஸ் மைமோனிடஸிடமிருந்து எடுத்தார்’ என்று எழுதிவிடுவார்கள். முதலில் இஸ்லாமியத் தத்துவவாதி இப்னு சீனாவைப் பார். இல்லாமலும் இருக்கக்கூடிய பொருள்களிலிருந்து, இருந்தே தீர வேண்டிய இறைவனை நிறுவும் வாதம் மைமோனிடஸ், அக்வினாஸ் இருவரிடமும் இருக்கிறது, மூலம் இப்னு சீனா. அடுத்து, அக்வினாஸ் கையிலிருந்தது ‘வழிகாட்டி’யின் அரபு மூலம் இல்லை. யூதா அல்ஹரீஸியின் எபிரேய மொழிபெயர்ப்பிலிருந்து வந்த லத்தீன் நூல். சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவதானால் அந்த லத்தீனோடு ஒப்பிடு. அக்வினாஸ் மைமோனிடஸை அழைக்கும் ‘ரபி மோசே’ என்ற பெயரைத் தேடினால் மட்டும் போதாது. இறைவனின் பெயர்களைப் பற்றிய 13ஆம் வினாவில் பெயர் சொல்வது அவரை மறுப்பதற்காக. பெயர் சொல்லாமல் உடன்படும் இடங்களைக் கருத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லத்தீன் உலகம் அவிசெப்ரோன் என்று அழைத்த தத்துவவாதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. அவருடைய ‘உயிரின் ஊற்று’ 12ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் லத்தீனுக்கு வந்தது. தேவதூதருக்கும் ஒருவகைப் பருப்பொருள் உண்டு என்ற கருத்தைப் பிரான்சிஸ்கன்கள் ஏற்றார்கள், அக்வினாஸ் மறுத்தார். அவிசெப்ரோன்தான் எபிரேயக் கவிஞர் சாலமோன் இப்னு கபிரோல் என்று சாலமோன் முங்க் நிறுவியது 1846இல்!

ஆகவே இயல்களை இப்படி மாற்று: தொடக்கத்தை நிரூபிக்கலாம் என்றவர்கள் ஓர் இயல், முடியாது என்றவர்கள் ஓர் இயல். 46ஆம் வினாவை எழுதி முடித்ததும் அந்தப் பகுதியை மட்டும் அனுப்பு, படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா