தையல் மிஷினும் அக்காவின் கழுத்தும்

சார்செல் (பாரிஸ் அருகே),
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம், அங்கு மாமா, பிள்ளைகள் எல்லாரும் நலமா? ஞாயிற்றுக்கிழமை போனில் "கழுத்தத் திருப்ப முடியலடா, தைலம் தேய்ச்சும் கேக்கல" என்றாய். ரயிலில் இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. உன்னிடம் மறைத்துவிட்டேன், போன நவம்பரில் எனக்கும் இதே கதைதான்.

இங்கே குளிர்காலத்தில் காலை எட்டரைக்கு மேல்தான் விடிகிறது. குளிருக்குத் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, ரயிலில் பாரிசின் 'கார் து நோர்' ஸ்டேஷன் வரும்வரை குனிந்து போன் பார்ப்பேன், ஆபீசில் எட்டு மணி நேரம் லேப்டாப், வீட்டுக்கு வந்தால் கட்டிலில் சாய்ந்தபடி மறுபடி அதே லேப்டாப். ஒருநாள் பல் தேய்க்கும்போது இடது பக்கம் அப்படியே பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும், தலை இறுகிப்போன தலையாட்டி பொம்மை மாதிரி.

குடும்ப டாக்டர் சீட்டு எழுதித் தர, பிசியோதெரபி செய்கிற அம்மாவிடம் போனேன். இங்கே அவர்களைக் 'கினே' என்பார்கள். பிடித்துவிடுவார் என்று நினைத்தால், முதலில் நாற்காலியில் உட்காரச் சொல்லி என் போனிலேயே பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். தோளுக்கு நேராக இருக்க வேண்டிய காது நாலு விரல் முன்னால் தள்ளி நிற்கிறது! தலை மட்டுமே ஏறக்குறைய 5 கிலோ இருக்குமாம். அஞ்சு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பார், அப்புறம் கையை நீட்டிப் பிடித்துப் பார். நாள் முழுக்க உன் கழுத்துச் சதை செய்வது அந்த இரண்டாவது வேலையைத்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மிஷினில் நீ மூக்கு துணியில் படுகிற மாதிரி குனிவாய், எனக்குத் தெரியும். அது உட்காரும் பழக்கம் மட்டும் இல்லை, கண் தெரியாததும்தான் என்று நினைக்கிறேன். கண்ணாடி பவர் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? முதலில் அதைப் பார், ஊசிப் பக்கம் நல்ல வெளிச்சமாக ஒரு விளக்கு போடு. முதுகு சாய்கிற நாற்காலியை மிஷினுக்கு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொள், தோளைத் தூக்காமல் கை மேசையில் படிகிற உயரம் வேண்டும், அந்த ஸ்டூலைத் தூக்கிப் போடு. ஒரு ஜாக்கெட் கை தைத்து முடித்ததும் எழுந்து வாசல்வரை போய் வா. அவசர ஆர்டர் என்று சொல்லாதே.

ஒரு பயிற்சி: நேராகப் பார்த்தபடி, குனியாமல், தாடையை மட்டும் பின்னால் இழு. இரட்டைத் தாடை விழும், விழட்டும். அஞ்சு எண்ணி விடு, பத்து தடவை. நான் ரயிலிலேயே செய்கிறேன், எதிர் சீட்டு அம்மா இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அந்த ரெண்டு இலவம்பஞ்சுத் தலையணையில் ஒன்றை எடுத்துவிடு, குப்புறப் படுக்காதே. வெந்நீர் ஒத்தடம் கால் மணி நேரம் கொடுத்தால் இதமாக இருக்கும், ஆனால் வலிக்கிறது என்று நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் இன்னும் இறுகிப்போகும். எனக்கு மூணு வாரத்தில் பாதி குறைந்தது, இப்போதும் லேப்டாப்போடு கட்டிலில் சாய்ந்தால் மறுநாள் காட்டிக்கொடுத்துவிடும்.

மாமாவிடம் கண்டிப்பாகச் சொல், சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கச் சொல்வதை நிறுத்தட்டும். கழுத்து எலும்பு வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம்வரை போகலாம். உனக்கும் கை மரத்துப்போனாலோ, கத்தரிக்கோல் பிடிக்கப் பலம் குறைந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு நேராக நம்ம பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போ.

சாயங்காலம் வண்டி ஓடாத நேரத்தில் பீச் ரோட்டில் ரெண்டு பேரும் நடங்கள். எனக்கு இங்கே கடலும் இல்லை, வெயிலும் இல்லை.

நீ தைக்கும்போது மாமாவைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்காராதே, எப்போதும் போல இரு.

அன்புடன்,
உன் தம்பி