கிட்டார் ஆசிரியர்களே, அந்த மூன்று சுரங்களில் தொடங்குங்கள்

அன்புள்ள கிட்டார் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் இசை ஆசிரியன் இல்லை. இருபது வருடமாக வீட்டில் கிட்டார் வாசிப்பவன், ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையை உயிராய்க் கேட்பவன். என் மகனுக்குப் பதினான்கு வயது. மெட்டல் வாசிக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு வகுப்பில் சேர்ந்தான். ஆறு மாதம், தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். 120, 140, 160. விரல் ஓடாவிட்டால் மெட்டல் வராது என்று சொல்லிவிட்டார்கள். மணிக்கட்டு வலியோடு ஒருநாள் கிட்டாரை உறைக்குள் போட்டு மூடிவிட்டான்.

அதனால்தான் இந்த மடல். மெட்டல் கற்க வரும் பிள்ளைக்கு முதல் பாடமாக பிளாக் சாபத் என்ற இங்கிலாந்துக் குழுவின் முதல் ஆல்பத்தைக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், அதன் முதல் பாடலின் பெயர் எல்லாம் ஒன்றுதான். 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தில் வெளியானது. அதற்கு முந்தைய அக்டோபரில் லண்டனின் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள் நால்வர், மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்துவிட்டுக் கிளம்பினார்கள். மழையும் இடியும் மணியோசையும் பிறகு சேர்க்கப்பட்டவை.

அந்த மழை ஓய்வதற்குள் வந்து விழுகிறது முதல் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு. மூன்றே சுரங்கள். நம் கணக்கில் சொன்னால் ஐந்து கட்டை சுருதி: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்யமம். கல்யாணியில் நாம் கேட்டு மகிழும் அதே மத்யமம்தான். கல்யாணியில் அது பஞ்சமத்தை நோக்கி ஏறிப்போய் நிம்மதி தருகிறது. குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி அதை அங்கே போகவிடவில்லை. பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு மத்யமத்திலேயே அதிரவிட்டு, மறுபடி ஷட்ஜத்தில் கொண்டுபோய் இடிக்கிறார். மனம் இளைப்பாற இடமே கிடைப்பதில்லை. பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லருக்கு ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் ‘மார்ஸ்’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசை பிடிக்கும். அதில் வரும், ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவிலான இந்த இடைவெளியை அவர் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் அயோமிக்கு ரிஃப் பிறந்தது. ஐரோப்பாவில் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் இசை என்று பட்டப்பெயர் உண்டு. தேவாலயம் இதைத் தடை செய்தது என்று பலர் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை, தயவுசெய்து வகுப்பில் அப்படிச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதைக் காதால் உணர்ந்தாலே போதும்.

இந்த ரிஃபைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகூட ஒரே வாரத்தில் பிடித்துவிடும். ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் முழுசாக ஒலிக்கவிட்டு, அவசரப்படாமல் அடுத்ததற்குப் போவது இருக்கிறதே, எனக்கு அது இருபது வருடத்திலும் முழுதாக வசப்படவில்லை. வேகத்தில் பிழை மறைந்துவிடும். இங்கே மறைய இடமில்லை.

அயோமியின் விரல்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் இடதுகைக்காரர், கம்பிகளை அழுத்துவது வலது கை. பதினேழு வயதில், தகடு வெட்டும் ஆலையில், வேலையை விட்டுப் போகவிருந்த கடைசி நாளில், அந்தக் கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. இனி வாசிக்க முடியாது என்றார்கள். தீக்காயத்தில் இரண்டு விரல் செயலிழந்தும் வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேலாளர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கனத்த கம்பி வலித்ததால் மெல்லிய பேஞ்சோ கம்பிகளைக்கூடப் போட்டுப் பார்த்தார். அந்தக் கைக்கு எது முடிந்ததோ அதிலிருந்துதான் இந்த நாதம் வந்தது. என் மகனிடம் அன்று யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு திருத்தமும் உண்டு. முதல் ஆல்பத்திலேயே கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கிவிட்டார்கள் என்று பாடம் நடத்துவது தவறு. இதில் வழக்கமான டியூனிங்தான். மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். அதாவது இங்கே கேட்கும் கனம் கம்பியைத் தளர்த்தி வந்ததில்லை. வாசிப்பிலும், சுரத்தேர்விலும், கிட்டாரும் பேஸும் ஒன்றாக இறங்குவதிலும் வந்தது.

அன்றைய விமர்சகர்கள் பலர் இதை மதிக்கவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் கடுமையாகவே எழுதியது. கேட்டவர்கள் பிரிட்டிஷ் பட்டியலில் எட்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். அந்த மந்த நடையை கேண்டில்மாஸ், செயின்ட் வைட்டஸ் போன்ற குழுக்கள் எடுத்து டூம் மெட்டல் என்று தனிக்கிளையே வளர்த்தன. பாடலின் கடைசியில் திடீரென்று குதிரைப் பாய்ச்சல் ஒன்று வருகிறதே, அதைக் கேட்டுவிட்டு அயர்ன் மெய்டன் குழுவைக் கேட்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தானே புரியும். ஸ்லேயர் குழு 1998இல் தன் ஆல்பத்துக்கு அந்தச் சாத்தான் பட்டத்தையே பெயராக வைத்தது. முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் ஆலம்தான் பத்து வருடம் கழித்து ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தைத் தயாரித்தார். 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க்கில் இந்த நால்வரும் கடைசியாக மேடையேறியபோது, மெட்டாலிக்கா, ஸ்லேயர், பான்டெரா, கோஜிரா எல்லோரும் அதே மேடையில் வாசித்தார்கள். பதினேழு நாளில் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மறைந்தார். அன்று இரவு நான் மறுபடி கேட்டது இந்த ஆல்பத்தைத்தான்.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவும் இந்த இசையின் செல்வம்தான். இரண்டாம் வருடம் வரட்டும். முதலில் அந்த மூன்று சுரங்கள். டிரம்ஸ் வகுப்பும் நடத்துகிறீர்கள் என்றால் இந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் பில் வார்டை மட்டும் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது. அத்தனை கனத்துக்கு நடுவிலும் தாளம் ஊஞ்சலாடும்.

மகன் கிட்டாரை மறுபடி எடுத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துக்கொண்டு அந்த ரிஃபை வாசித்தான். மத்யமம் வந்து விழுந்ததும், பக்கத்து அறையில் இருந்த என் அம்மா எழுந்து வந்து, “அந்த இடத்த இன்னொரு தடவ வாசி” என்றார்.

அன்புடன்,
ஒரு மாணவனின் தந்தை