பிரசவம் முடிந்ததும் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வடசென்னைப் பக்கம் ஒரு பெண் உண்டானால் அவளை விடாமல் கவனிக்கிறார்கள், அதை மனசாரப் பாராட்டுகிறேன். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் போடுகிறார்கள், ரத்தம் குறைவு என்றால் நர்ஸம்மா வீடு தேடி வருகிறார், பிரஷர் ஏறினால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே 108-ஐக் கூப்பிட்டு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்கோ எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்கோ ஏற்றி அனுப்புகிறார்கள், போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று போன் வருகிறது. அதே பெண் நாற்பது வயதுக்கு மேல், மாதம் பூரா ரத்தம் போகிறது என்று போய் நின்றால் கையில் ஒரு சீட்டு, "பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்கம்மா", அவ்வளவுதான். போனாளா இல்லையா என்று கேட்க ஆளில்லை.

என் நாத்தனார் வீட்டு வேலை செய்கிறவர். கருப்பை வாயில் மருந்து தடவிப் பார்க்கும் சோதனையில் வெள்ளையாகத் தெரிகிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஓ.பி. காலையில், அவருக்கு வேலையும் காலையில்தான். டாக்டரைப் பார்க்க ஒரு நாள், கருப்பை வாயைக் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு வேறொரு நாள், சதை எடுத்தால் ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள், ஒவ்வொன்றுக்கும் சம்பளத்தில் பிடித்தம். மகள் பரீட்சை முடியட்டும், மாமனார் திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, சீட்டு பீரோவிலேயே கிடந்தது. அப்புறம் நாங்கள்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனோம். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை என்பதால் அங்கேயே சிகிச்சை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் சீட்டு கொடுத்த நிலையத்துக்கு இன்றுவரை இது எதுவும் தெரியாது.

எனக்கு ஆற்றாமையே இதில்தான். எச்.பி.வி. வைரஸ் தொற்றி கருப்பை வாய்ப் புற்றாக மாற பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகிறது என்கிறார்கள், அவ்வளவு அவகாசம் கொடுக்கிற நோயில் கூட நம் பெண்கள் முற்றிய பிறகுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வாசலுக்குப் போய்ச் சேருகிறார்கள். மாதவிடாய் நின்றபின் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும், ஆனால் "இந்த வயசுல அப்படித்தான்" என்று அக்கம்பக்கத்துப் பெண்களே சொல்லிவிடுகிறார்கள். மார்பில் கட்டி என்றால் வெட்கம் வேறு. பெண்களின் அலட்சியம் என்று இதைச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இதே பெண்கள்தானே கர்ப்பகாலச் செக்கப் எதையும் விடாமல் போனார்கள், அன்றைக்குத் துரத்திக் கேட்க ஒருவர் இருந்தார்.

2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சீட்டு வாங்கிய பெண்களின் பட்டியலையும் கொடுத்தால் என்ன? பெரிய ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு சாயங்காலமாவது இவர்களுக்கு ஓ.பி. வையுங்கள், பார்த்த விவரத்தை அனுப்பிய நிலையத்துக்குத் திருப்பி எழுதுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நிருபரை அனுப்பி, போன வருடம் சென்னையில் இப்படிச் சீட்டு வாங்கிய பெண்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று சுகாதாரத் துறையிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை