ஐப்பசி பிறக்கும் முன்: சென்னை நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆவணியும் புரட்டாசியும் சங்கங்களுக்கு ஓய்வில்லாத மாதங்கள். பிள்ளையார் பந்தல், கொலு, ரத்ததான முகாம், மரக்கன்று நடுதல் என்று ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். அவற்றுக்கு நடுவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைக் கேட்டு இம்மடலை எழுதுகிறோம். உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டின் மழைநீர் சேகரிப்பும் உண்மையில் வேலை செய்கிறதா என்று வாசல் வாசலாகப் போய்ப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தீபாவளி நெருங்கினால் கொத்தனாரும் பிளம்பரும் கையில் சிக்க மாட்டார்கள். ஆகவே பார்வையிடுவது செப்டம்பருக்குள் முடிய வேண்டும்.

“அதுதான் எல்லா வீட்டிலும் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. 2003-இல் தமிழகம் முழுக்கக் கட்டாயமானபோது அவசர அவசரமாகக் கட்டியவை பல. சுவரோரம் ஒரு குழாய், கீழே ஒரு குழி, மேலே ஒரு மூடி. வந்து பார்ப்பவருக்குக் காட்ட அது போதும், மழைக்குப் போதாது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மி.மீ. பெய்வது சாதாரணம், அந்த இரவில் அந்த மாடியிலிருந்து இறங்குவது சுமார் 4,650 லிட்டர். அதை நிலத்துக்குள் இறக்க, 3 அடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை 15 அடி ஆழத்துக்கு இறக்கிய உறைக்கிணறு கொள்வது சுமார் 3,000 லிட்டர். மிச்சத்தை மண் உடனுக்குடன் உறிஞ்ச வேண்டும். அதே கிணற்றை “வடிகட்ட” என்று சொல்லி ஜல்லியால் நிரப்பியிருந்தால் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடும். கல்லுக்கு நடுவே எஞ்சும் இடம் பத்தில் நாலு பங்குதான். வடிகட்ட வேண்டியது கிணற்றுக்கு முன்னால் உள்ள தொட்டியில். கிணறு வெறுமையாக இருக்கட்டும்.

ஆட்கள் இரண்டிரண்டு பேராகப் போகட்டும். ஜோடியில் ஒருவராவது அந்தத் தெருக்காரராக இருந்தால்தான் கேட் திறக்கும். 40 வீடுள்ள தெருவுக்கு இரண்டு ஜோடி, காலை 7 முதல் 9.30 வரை, இரண்டு ஞாயிறு போதும். வீட்டுக்குக் கால் மணி நேரம். கையில் டார்ச், அளவு டேப், கல் கட்டிய நைலான் கயிறு, சாக்பீஸ், மூடி நெம்ப ஒரு கடப்பாரை. வீட்டுக்காரரிடம் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு கரண்டி மஞ்சள் தூளும் கேளுங்கள். ஏன் மஞ்சள் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் மாடி. மழைநீர் இறங்கும் துளைகளை எண்ணுங்கள். நாலு இருந்தால் நாலும் கிணற்றோடு இணைந்திருக்க வேண்டும். பெரும்பாலும் முன்பக்கத்து ஒன்று மட்டும் சேர்ந்திருக்கும், பின்பக்கத்துத் துளைகள் அடுத்த வீட்டுச் சந்தில் ஊற்றும். துளைமேல் கம்பி வலை இல்லையென்றால் அரசிலையும் காக்கைக்கூட்டுக் குச்சியும் உள்ளே அடைந்திருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது குழாயைக் கழற்றிவிட்டு மாட்டாமல் போவது இன்னொரு வழக்கம். இது பெயின்டர் குற்றமா, மேஸ்திரி குற்றமா என்பது தெருவில் தீராத வழக்கு. நீங்கள் அதில் இறங்காமல் குறித்துக்கொண்டு நகருங்கள்.

அடுத்து மஞ்சள் வாளி. மஞ்சள் கரைத்த தண்ணீரை மாடித் துளையில் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே ஒருவர் வடிகட்டித் தொட்டியையும், மற்றவர் வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியையும் திறந்து பாருங்கள். மஞ்சள் தண்ணீர் கழிவுநீர்த் தொட்டியில் தெரிந்தால் மழைக்குழாய் பாதாளச் சாக்கடையோடு சேர்ந்திருக்கிறது என்று பொருள். தெருவே நாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுக்கான அளவில் போடப்பட்டது. பத்து வீட்டு மாடித் தண்ணீர் அதில் பாய்ந்தால் தாழ்வான வீட்டின் குளியலறை வழியாகத் திரும்பி மேலே வரும். மழையன்று தெருத் தண்ணீர் வடிய சாக்கடை மூடியைத் திறந்துவிடுவதும் இதே தவறுதான். நல்லெண்ணத்தோடு அதைச் செய்பவர் பலர் சங்கத்து ஆட்களே என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம்: செய்யாதீர்கள். மூடியில்லாத அந்தக் குழி மழைத்தண்ணீருக்கு அடியில் யாருக்கும் தெரியாது.

வடிகட்டித் தொட்டியில் மேலாக இருக்கும் மணல் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பிசுபிசுவென்று கறுத்திருந்தால் அதை அள்ளிவிட்டுப் புது மணல் போட வேண்டும், ஆண்டுக்கொருமுறை. மணலுக்கும் கீழுள்ள ஜல்லிக்கும் நடுவே நைலான் வலை விரித்திருந்தால் இந்த வேலை அரைமணியில் முடியும், இல்லாவிட்டால் ஜல்லியையும் வெளியே எடுத்து அலச வேண்டியிருக்கும். ஏ.சி. தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர், கார் கழுவும் தண்ணீர் எதுவும் இந்தத் தொட்டிக்கு வரக்கூடாது. சோப்பு நுரை நிலத்தடிக்குப் போவது ஒருபுறம். எண்ணெயும் சோப்பும் மணலைக் களிம்பாக்கி அடைத்துவிடும். போர்வெல்லுக்குள் நேராக மழைக்குழாயைச் செருகியிருந்தால் சிவப்பு மையில் குறியுங்கள். கலங்கல் நீர் போரின் துளைகளை அடைத்துவிட்டால் அதை மீட்பது பாடு.

கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பாருங்கள். 15 அடி என்று வீட்டுக்காரர் சொல்ல, கல் 9 அடியில் நின்றால் மீதி சேறு. தூர் வார வேண்டும். இதைத் தன்னார்வலர் செய்யக் கூடாது. ஆழம் குறைந்த கிணறானாலும் அடியில் காற்று கெட்டிருக்கும். மயங்கியவரைத் தூக்கப் போனவரும் விழுவார். அனுபவமுள்ள கிணற்றாட்களை அழைத்து, மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்து, காற்றைச் சோதித்து, இடுப்புக் கயிறும் மேலே இரண்டு ஆளும் இருந்தால் மட்டும் இறங்கட்டும். வாளி, கப்பி வைத்து மேலிருந்தே வார முடிந்தால் அதுவே நல்லது.

உங்கள் பகுதியின் மண்ணையும் கணக்கில் கொள்ளுங்கள். பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் கிணற்றுத் தண்ணீர் வேகமாக வடிந்துவிடும். மறுநாள் காலையிலும் நின்றால் சேறு அடைத்திருக்கிறது. களிமண் பகுதிகளில் இரண்டு மூன்று நாள் நிற்கலாம். அங்கே களியைத் தாண்டி மணல் படுகை வரை உறை இறக்காத கிணறு வெறும் தொட்டிதான். வேளச்சேரி, கிண்டிப் பக்கம் கீழே பாறை. வேகமாக உறிஞ்சும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மிகுநீரை சம்ப்புக்கு விடுவதே பயன். ஒரு வாரத்துக்கு மேல் தேங்கினால் கொசு வளர்ந்துவிடும் என்பதால் மூடித் துளைகளுக்கு எங்கானாலும் நைலான் வலை கட்டுங்கள்.

வீடுகள் முடிந்ததும் தெருவின் மழைநீர் வடிகாலைப் பாருங்கள். சாலையோரம் தண்ணீர் உள்ளே போகும் துளைகளை நடந்தே எண்ணி வரைபடத்தில் குறியுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்ட தெருக்களில் பாதித் துளைகள் புதைந்திருக்கும். மற்றவற்றை வீட்டு வாசல் சாய்தளங்களும், வடிகாலுக்குள் இழுத்த கேபிள்களும், காலையில் வாசல் பெருக்கித் தள்ளிய சருகும் அடைத்திருக்கும். சருகை நாமே எடுக்கலாம். துளைக்குக் கீழே சேறு படியும் வண்டல் வடிகட்டித் தொட்டியைத் தூர்வாருவது மாநகராட்சியின் வேலை. 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பாதாளச் சாக்கடை என்றால் குடிநீர் வாரியம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். துளைக்கு ஓர் எண், கதவெண்ணோ மின்கம்ப எண்ணோ அடையாளமாக, ஒரு படம், ஒரு புகார் என்று பிரித்துப் போடுங்கள். பட்டியலின் நகலை வார்டு கவுன்சிலரிடமும், வார்டுக்குள் பகுதிவாரியாகக் கூடும் ஏரியா சபைக் கூட்டத்திலும் கொடுங்கள்.

பணத்தில் ஒரு யோசனை. பழுது பார்ப்புக்குச் சங்கம் வசூல் செய்ய வேண்டாம். அடுத்த பொதுக்குழு அதிலேயே போய்விடும். பத்து வீட்டு வேலையைச் சேர்த்து ஒரே பிளம்பரிடம் கூலி பேசிக் கொடுங்கள், பணத்தை அவரவர் நேராகத் தரட்டும். வாடகை வீடுகளில் குடியிருப்பவரிடம் வாதாடுவதில் பயனில்லை. குறிப்பை உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்புங்கள்.

செப்டம்பரில் மாலை இடிமழை ஒன்றிரண்டு வரும். அன்று குடையோடு ஒரு சுற்று வாருங்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கேட்டிலிருந்து தண்ணீர் சாலைக்கு ஓடுகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரியும். மறுநாள் காலை கிணற்று நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து, கையெட்டும் உள்சுவரில் தேதியோடு அந்த அளவைச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மழைநீர் சேகரிப்பைப் பார்வையிடும் தன்னார்வலர்கள் சிலர், சென்னை